முறிகண்டியில் இறங்காதவர்கள்

போன கிழமை வவுனியாவில் கிளிநொச்சி பஸ் ஏறினேன். ஜன்னலோர ஸீட். கைப்பையில் வழக்கம்போலப் பத்துப் பதினைந்து சுவிசேஷக் கைப்பிரதிகள்.

என் பழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். பயணத்தில் பக்கத்தில் யார் வந்து இருந்தாலும், ஆண்டவரைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் இறங்கமாட்டேன். “உமக்குப் பக்கத்திலை இருக்கிற சனம் பாவம்” என்பார் என் கணவர். சொல்லட்டும். ஆர்வமாகக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே நித்திரையானவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் தன்னுடைய இடம் வரமுதலே அவசரமாக இறங்கிப்போனார்... அதையும் சொல்லத்தானே வேண்டும்?

ஓமந்தையில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் அமர்ந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். மடியில் ஒரு துணிப்பை. அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். மேலே தட்டில் வைக்கலாமே என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

பேச்சை மழையில் தொடங்கினோம். வயலுக்கு வந்தோம். உரம் படுத்தும் பாட்டைச் சொன்னார். சரி, இதுதான் நேரம் என்று நினைத்து, இயேசுவைத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் அக்கா. என்ரை மகளை அவர்தானே கூட்டிக்கொண்டு போனவர்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். அது எனக்குப் பழக்கம். இவரோ ஊர்ப் புதினம் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு அவரே சொன்னார். ஒரே மகள். முரசுமோட்டையில் கலியாணம் முடித்திருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு செபக் கூட்டத்துக்குப் போகிறவர், இவளும் சேர்ந்துவிட்டாள். அதுவரைக்கும் பிரச்சினை இல்லையாம். போன தைப்பொங்கலுக்கு இவர் பொங்கிப் படைத்த புக்கை கொண்டு போயிருக்கிறார். மகள் கேற்றடியில் வந்து, சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். பாத்திரத்தோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாராம். அன்றையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இப்போது அந்த மகளுக்கு நிறைமாதம். வருகிற கிழமை பிள்ளைப்பேறு. அதுவும் மகளின் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியுமாம். தலைப்பிள்ளை... தாய் பக்கத்தில் இல்லாமல் எப்படி? மகளுக்குச் சொல்லாமலே வெளிக்கிட்டு வந்துவிட்டார்.

பையில் இருந்தது சரக்குத்தூள். பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் பத்தியக் கறிக்காக மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்துத் தானே இடித்தது.

“குசினியிலை வைச்சுத்தான் இடிச்சனான். சாமியறைப் பக்கமே கொண்டு போகேல்லை. படைக்காத சாமான் எண்டு சொன்னால் எடுப்பாள் என்ன?”

எனக்கு முகம் சுட்டது. ஏன் தெரியுமா? நானும் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டுப் புக்கையைத் திருப்பி அனுப்பியவள்தான். அதைச் சாட்சி என்று சபையில் எழுந்து சொல்லியும் இருக்கிறேன். புக்கை கொண்டு வந்தவர் எப்படித் திரும்பிப் போனார் என்று நான் யோசித்ததே இல்லை. ஒரு நாளும் யோசித்ததில்லை.

மாங்குளம் கழிந்து, முறிகண்டியில் பஸ் நின்றது. ஏ-9 வீதியில் போகும் பஸ்கள் பிள்ளையாரடியில் நிற்கும். சனம் இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு ஏறும். நான் இறங்குவதில்லை. ஸீட்டிலேயே கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருடத்தில் என்னோடு பஸ்ஸுக்குள் இருந்துவிடுபவர்கள் நித்திரைகொள்பவர்கள் மட்டும்தான்.

அன்று கண்ணைத் திறந்து பார்த்தால் இவரும் இருக்கிறார்! பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே கோவிலையே பார்த்துக்கொண்டு இருக்கிறார். கும்பிடக் கை எழும்புகிறது. பிறகு பையில் போய் நிற்கிறது.

இறங்கவில்லையா என்று கேட்டேன். பையோடு கோவிலுக்குப் போனால் மகளிடம் பொய் சொல்ல வேண்டி வருமே என்றார். பிறந்ததிலிருந்து முறிகண்டியில் இறங்காமல் போவது இதுதான் முதல் தடவையாம். அதுவும் பெற்ற பிள்ளையின் பிரசவத்துக்குப் போகும்போது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கைப்பிரதி எடுத்தேனா? இல்லை. பையை வாங்கி என் மடியில் வைத்தேன்.

“நீங்கள் போய்க் கும்பிட்டிட்டு வாங்கோ. இது என்னோடை இருக்கட்டும்.”

எங்கள் போதகர் இதை வாசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும்.

ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வந்து, தண்ணீர்ப் பைப்படியில் கையைக் கழுவிவிட்டுத்தான் ஏறினார். அந்தப் பையைத் தொட, தன் கையையே கழுவுகிறார்... எனக்குத் தாங்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

பஸ் வெளிக்கிட்டதும் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மகளுக்கு ஒரு கோல் எடுத்து, இது படைக்காத சாமான் என்று நான் சொல்ல வேண்டுமாம். தான் சொன்னால் சந்தேகப்படுவாள், ஒரு வேதக்காரர் சொன்னால் நம்புவாளாம். தன் போனைத் தந்தார். நான் யார் என்பதையும் தாய் வந்துகொண்டிருப்பதையும் பை விஷயத்தையும் மகளிடம் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது.

“அம்மா முறிகண்டியிலை இறங்கினவாவோ?”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“ஓம் பிள்ளை. போகச் சொன்னது நான்தான். உமக்காகத்தான் கும்பிட்டவா. பை என்ரை மடியிலை இருந்தது.”

எந்தச் சபை என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

இவர் போனைக் காதில் வைத்து, “ஓம்... ஓம்...” என்றார். வைத்த பிறகும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னவாம் என்று கேட்க எனக்குப் பயம். கொஞ்ச நேரம் பொறுத்துத்தான் கேட்டேன்.

“மிளகு கூடப் போட்டுட்டியோ எண்டு கேக்கிறாள் அக்கா. எப்பவும் உனக்கு மிளகு கூடத்தானே எண்டு ஏசுறாள்.”

சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் ஒன்றும் பேசவில்லை. ஆச்சரியம்தான், என்னாலும் பேசாமல் இருக்க முடிகிறது!

கிளிநொச்சியில், முரசுமோட்டையால் போகும் முல்லைத்தீவு பஸ் புறப்படத் தயாராக நின்றது. பையோடு ஓடிப்போய் ஏறினார். எனக்குப் போயிட்டு வாறன் என்று சொல்லவும் மறந்துபோனார்.

ஸ்தோத்திரம்!