தையல்நாயகி மாற்றிப் பாடிய வரி

நான் போட்ட இசை நாடகத்தில் வசனமே கிடையாது. எல்லாம் பாட்டு. ஆர்மோனியத்துக்குப் பதில் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் சத்தம். புதுமை செய்கிறோம் என்று எனக்குத் தலைக்கனம். மன்னார்குடியில் நாலு தரம் மேடையேற்றினோம். ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள்.

நடவுப் பெண்ணாகப் பாடியவர் தையல்நாயகி. கணவர் இறந்தபின் மிராசுதார் பஞ்சநதத்தின் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பயிர் செய்துவந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதியலாம் என்று சட்டம் வந்ததும் மனு கொடுத்தார். அவர் வெறும் கூலியாள் என்று மிராசுதார் பதில் மனு போட்டார். குத்தகைக்குச் சாட்சியாகத் தையல்நாயகி கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கார்த்திகையில் தாசில்தார் விசாரணை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், 1971 புரட்டாசியில், நாடகத்தை நிஜ வயலிலேயே நடத்த எனக்கு ஆசை வந்தது. தையல்நாயகியின் வயல் ரோட்டோரம். கேட்டேன்.

"நடத்துங்க சார். ஆனா மேடையில மாதிரி புல்லைக் கையில வச்சுக்கிட்டு ஆட மாட்டோம். நாத்தோடதான் இறங்குவோம்."

ஒத்திகையில்தான் தெரிந்தது, நடுகிறவர்கள் பின்னால் நகர்வார்கள் என்று. நான் ஜனங்களுக்குக் குறித்திருந்த வரப்பை நோக்கி அத்தனை பேரும் முதுகைக் காட்டியபடி வந்தார்கள். படித்த மடையன் நான். பார்க்கிறவர்களை எதிர்வரப்புக்கு மாற்றினேன்.

அடுத்த சிக்கல் ஒரு வரி. "யார் வயல் இது?" என்று நாடகத்துப் பண்ணையார் பாடுவார். "கூலிக்கு வந்தவள் நான்" என்பது பதில். மேடையில் கூசாமல் பாடியவர் வயலில் அந்த வரி வந்ததும் பாட்டை நிறுத்திவிட்டார்.

"இங்க நின்னு இதைப் பாட மாட்டேங்க."

"நாடகம்தானே?"

"ஒங்களுக்கு நாடகம். மிராசுதார் முன்னால உக்காந்திருப்பாரு. நானே ஊரறிய ஒத்துக்கிட்டேன்னு நாளைக்கு ஆபீசுல சொல்ல மாட்டாரா?"

ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்றேன். ஆட்டத்தன்று அவரே மாற்றிவிட்டார். அதே மெட்டில், "சாகுபடி செய்பவள் நான்." எஞ்சின் நின்ற நேரம், முந்நூறு பேர் காதிலும் விழுந்தது. நாற்காலியில் இருந்த மிராசுதார் நாடகப் பாட்டுதானே என்று கைதட்டினார். எனக்கு ஆத்திரம்; ஒரு மாதம் தையல்நாயகியோடு பேசவில்லை.

விசாரணையில், தான் நடவு நட்டதை ஊரே பார்த்தது என்று தையல்நாயகி சொன்னதும் மிராசுதாரின் வக்கீல் சிரித்தார். "அது நாடகங்க."

"பாட்டு நாடகந்தாங்க," என்றார் தையல்நாயகி. "நாத்து நான் விட்டது. அதை நட்டப்போ இவரு கைதட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. இப்ப முழங்கால் ஒசரம் நிக்குது, வந்து பாருங்க. பாத்தவங்க வெளியில நிக்கிறாங்க, கேளுங்க."

வாசலில் அறுபது பேர் நின்றார்கள். என் நாடகத்தை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள். நானும் அவர்களோடு நின்றேன், வெட்கத்தோடு.

பெயர் பதிவானது. அன்று வீட்டுக்கு வந்து, நோட்டில் "கூலிக்கு வந்தவள்" என்பதை அடித்துவிட்டு அவர் வரியை எழுதிக்கொண்டேன்.