மடங்காத மோதிர விரல்

முட்டத்தில் எங்கள் அடுக்களையில் சூரை மீன் நறுக்கும்போது என் மகளுக்குக் கத்தி வழுக்கி, மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் ஆழமாக வெட்டிவிட்டது. "எலும்புல ஒண்ணும் படல்ல மக்கா" என்று நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். புண் ஆறியது. விரல் மட்டும் நீட்டியபடியே நின்றது.

"மடக்கிட்டுத்தான் இருக்கேம்மா, வெரலு கேக்க மாட்டங்கு" என்றாள். அவள் முன்கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே தசை இறுகிக்கொண்டிருந்தது.

விரலை மடக்குவதே அந்தத் தசைதான் என்றார் டாக்டர். விரல் எலும்போடு அதைப் பிணைக்கும் நாண் அந்த வெட்டில் அறுந்து, மேலே கைப்பக்கம் சுருங்கிவிட்டதாம். உடனே வந்திருந்தால் தைத்திருக்கலாமாம்.

இப்போது யார் கையை வெட்டிக்கொண்டாலும், "ஒவ்வொரு விரலா மடக்கிக் காட்டு" என்பேன். ஒன்று மடங்காவிட்டாலும் நேரே ஆஸ்பத்திரிதான். நான் அப்படிச் சொல்லும்போதெல்லாம் என் மகள் தன் கையை ஷாலுக்குள் இழுத்துக்கொள்கிறாள்.