சுருவில் மைக்கில் ஒரு பேர்

காலை 7.40க்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். கரம்பொனுக்கு நூறு ரூபா. பண்ணைப் பாலத்தின் இரு பக்கமும் கடல் வற்றிக் கிடந்தது. வேலணை வரைக்கும் நின்றபடியே பயணம். கால் கடுத்துப் போச்சு.

9.10. அம்மாவின் தம்பி தர்மலிங்கம் மாமா வெள்ளைச் சட்டையோடு வீட்டுப் படலையடியில் நின்றார். எழுபத்தெட்டு வயது. அந்த நாளில், தெற்கே காலி நகரில் ஒரு முதலாளி, கடையில் வேலை என்று பேருக்குச் சொல்லி, பந்தடிப்பதற்கே அவருக்குச் சம்பளம் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் உதைபந்தாட்டத்துக்குச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் மாமாதான். லீவில் வந்தால் பக்கத்து ஊரான சுருவிலில் ஒரு கழகம் அவரைப் பிடித்துவிடும். ஊரவர் மட்டுமே ஆடலாம் என்பது போட்டிச் சட்டம். அதனால் மாமா அந்த ஊர்ச் சிவராசாவின் பேரில் இறங்கினார். சிவராசாவோ பந்தைக் கண்டால் விலகி நடக்கிற மனிதர்! கோல் அடித்தது மாமா. ஒலிபெருக்கி சொன்னது சிவராசா.

"ஒருக்காலெண்டாலும் என்ர பேரை மைக்கில கேக்கவேணும் பிள்ளை." எத்தனை வருஷமாகச் சொல்கிறார், பாவம். இன்று அந்தக் கழகத்தின் ஆண்டுவிழா. ஓட்டோ பிடித்தோம்.

"விழாவுக்கோ? சிவராசா ஐயாதான் பிரதம விருந்தினர். அவற்ற இடக்கால் அடி தெரியுமே அக்கா?" என்றார் ஓட்டோக்காரர். மாமா பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

10 மணி. மேடையில் மாலையோடு சிவராசா. மாமாவைக் கண்டதும் அவருடைய முகம் கறுத்தது. நான் நாலு வார்த்தை கேட்க எழும்பினேன்.

"சும்மா இரு பிள்ளை," என்று மாமா கையைப் பிடித்தார்.

அதற்குள் சிவராசாவே இறங்கி வந்து, மாமாவை மேடைக்குக் கூட்டிப் போய் மைக்கைப் பிடித்தார். "அந்தக் கோல் ஒண்டும் நான் அடிக்கேல்லை. அடிச்சது இவர். கரம்பொன் தர்மலிங்கம்."

கூட்டத்தில் ஒரே சிரிப்பு, கைதட்டல்.

"எங்கட ஐயாவின்ர தன்னடக்கத்தைப் பாருங்கோ!" என்றார் இளம் அறிவிப்பாளர்.

"உண்மையடாப்பா!" என்று சிவராசா கத்தினார். கைதட்டல் கூடியது. அவருக்கே இன்னொரு மாலை விழுந்தது.

12.30. திரும்பும் ஓட்டோவில் என் வாய் ஓயவில்லை. "விசர்ச் சனம்! ஒருத்தரும் நம்பேல்லையே மாமா!"

"நம்பாட்டிப் போகட்டும்," என்றார் மாமா. கண் கலங்கியிருந்தது. "என்ர பேரை ஊரோட சேத்தெல்லோ சொன்னவன். எனக்கு வடிவாக் கேட்டது, பிள்ளை."