கயிற்றோரத்து இருக்கை

"கயிறு! அக்கா, கயித்தை இழு! இழுக்கா!"

கத்துவது கண்டக்டர் கம்போன். தலையில் ஹெல்மெட்டோடு படகின் வெளிவிளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறான். எதிரே இன்னொரு படகு கால்வாயைக் கிழித்துக்கொண்டு வருகிறது. ஓரத்து இருக்கையில் உட்கார்ந்தவர் கயிற்றை இழுத்தால் தார்ப்பாய் மேலேறி அலையைத் தடுக்கும். இழுக்காவிட்டால் பாங்காக் நகரத்துச் சாக்கடை அத்தனையும் கலந்த தண்ணீரால் வரிசைக்கே அபிஷேகம்தான். கயிறு பயோமின் கையில்தான் இருக்கிறது. கண்தான் மடியில் விரிந்த புத்தகத்தில் இருக்கிறது. அடித்தது அலை.

"ஐயோ, ஆபீசுக்குப் போற சட்டை! இந்தம்மாவை யாருப்பா ஓரத்துல உக்கார வெச்சது?" பின்னால் இருந்தவள் பொரிந்து தள்ளுகிறாள்.

பயோம் எழுந்து நாலு பக்கமும் கும்பிடுகிறாள். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. முகமோ லாட்டரி விழுந்தவள் முகம். "மன்னிச்சுக்குங்க, தப்பு என்னோடதுதான். ஆனா கம்போன், புத்தகம் தேறிடுச்சுடா! தேறிடுச்சு!"

"நல்ல புத்தகம் வந்தா நாங்க குளிக்கணும். இது எந்த ஊரு நியாயம்?" என்கிறான் அவன். சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு காகிதக் கைக்குட்டையும் நீட்டுகிறான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். அவள் படிக்கிற புத்தகமெல்லாம் இந்த ஈரத்தில் தேறி வந்தவைதான்.

பயோம் நகர நூலகம் ஒன்றில் குழந்தைகள் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறாள். வருஷா வருஷம் பள்ளிக்கூட அலமாரிகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற குழுவில் அவளும் ஒருத்தி. பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். மற்றவர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து படிப்பார்கள். இவள் படகில் படிப்பாள். "அறையில உக்காந்தா எந்தக் குப்பையும் நல்லாத்தான் இருக்கும். டீசல் நாத்தம், ஜனக்கூட்டம், தண்ணி. இத்தனைக்கு நடுவுல என்னை இழுத்துப் பிடிக்குதா? அப்பதான் அது புத்தகம்" என்பாள். வேண்டுமென்றே கயிற்றோரத்து இருக்கையைத்தான் பிடிப்பாள். ஒழுங்காகக் கயிறு இழுத்து, துணி காய்ந்தபடி துறையில் இறங்கினாள் என்றால் அந்தப் புத்தகம் அவுட்.

வாண்டுகளின் புத்தகங்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறாள். துறை வாசலில் சுட்ட பன்றிக்கறியும் ஒட்டரிசிச் சோறும் விற்கிற கடையைச் சுற்றி எப்போதும் நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள் இருக்கும். அங்கே போய்க் குந்திக்கொண்டு உரக்கப் படிப்பாள். நடுவில் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைத் தாண்டிவிடுவாள். யாரும் கேட்கவில்லை என்றால் கதையில் சத்து இல்லை. "ஏய், ஆமை எங்க போச்சு? முழுங்கிட்டியா?" என்று சண்டைக்கு வந்தார்கள் என்றால் பயோமுக்குக் கால் தரையில் பாவாது. கதைக்குள் புத்திமதி சொல்கிற மரத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "மரம் பாட்டுக்கு நிழல் குடுத்துட்டுப் போகட்டுமே, அது எதுக்கு வாயைத் தொறக்குது?"

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில்தான் பாச்சா பலிப்பதில்லை. அதிலும் அவள் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள், பதினாலு வயசு, பெயர் தெங்மோ. தெங்மோ என்றால் தர்பூசணி, ஆசையாக வைத்த பெயர். பெண்ணோ முருங்கைக்காய் மாதிரி இருக்கிறாள். அம்மா கொடுத்த புத்தகம் ஒன்றைக்கூட அவள் முடித்ததில்லை. 'படி' என்று சொன்னால் படிக்கமாட்டார்கள் என்பது பயோமுக்குத் தெரியும். அதனால் சொல்லாமல் வைப்பாள், மின்விசிறிக்குப் பக்கத்தில், முட்டை டப்பாவின் மேல், ஒரு தடவை குளியலறை ஜன்னலில் கூட.

"அம்மா, இது குளிக்கணும்னு தானா நடந்து வந்துச்சா?" என்று அங்கிருந்தே குரல் வந்தது. பயோமுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தேடித் தேடிக் கொடுக்கிறவளுக்குச் சொந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடைக்கவில்லை என்றால் வலிக்காதா? வலித்தது.

இந்த வருஷம் அவளை இரண்டு மூன்று தடவை குளிப்பாட்டிய புத்தகம், பெரிய பிள்ளைகளுக்கான ஒரு நாவல். அப்பா ஜெயிலில் இருக்கிறார். மகளோ அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பொய் சொல்லித் திரிகிறாள். கடைசியில் அவர் திரும்பி வரும்போது அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதில்லை. இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சொல்லிவிட்டு எதிரே உட்காருகிறாள், அவ்வளவுதான். குழுவின் தலைவர் ஆசான் ப்ரஸோம் அதை வேண்டாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. இருபது வருஷம் வகுப்பில் நின்றவர்.

"பயோம், நானும் அழுதேன். நாம பெரியவங்க, அழுவோம். பிள்ளைங்க ரெண்டாவது பக்கத்துல மூடி வெச்சுடும். அப்புறம் அலமாரியில தூசிதான் படிக்கும்."

"மூடாதுங்க ஆசான்! என்னைக் கேளுங்க!"

"உன்னை எதுக்குக் கேக்கறது? உனக்கு அம்பது ஆகப்போகுது. ஒரு பிள்ளை, யாரும் சொல்லாம, தானா எடுத்துப் படிக்கட்டும். கையெழுத்துப் போடறேன்." பேனாவை மூடிக்கொண்டே, "உன் பொண்ணு படிப்பாளா?" என்றார்.

குழுவே சிரித்தது. பயோமும் சிரித்தாள், காது மடல் சிவக்க. வெள்ளிக்கிழமை காலை கடைசிக் கூட்டம். அதற்குள் நடக்காவிட்டால் அந்த நாவல் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகாது. வியாழன் வரைக்கும் அது டீவி மேல் இருந்தது, அரிசி டப்பா மேல் இருந்தது, தலையணைக்கு அடியிலும் இருந்தது. தெங்மோ அதை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தங்கையிடம் இரவல் வாங்கிய பட்டுச்சட்டையில் பயோம் கிளம்பினாள். "தண்ணி பட்டுச்சுன்னா தொலைச்சுடுவேன்" என்று தங்கை சொல்லித்தான் கொடுத்திருந்தாள். பள்ளி விடுமுறை. கூட்டம் முடிந்ததும் ப்ரதுநாம் கடைவீதியில் செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்ததால் தெங்மோவும் கூட வந்தாள். பட்டுச்சட்டைக்குப் பயந்து பயோம் உள்பக்கம் உட்கார, பெண் ஓரத்துக்குப் போனாள். கயிறு அவள் கைக்கு வந்தது.

தெங்மோவின் போன் போன மாதம்தான் இதே கால்வாயில் விழுந்து போயிருந்தது. அதனால் புதுப் போனைப் பைக்குள் பூட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய், கொறிக்க வறுத்த கருவாட்டுப் பொட்டலம் இருக்கிறதா என்று அம்மாவின் பையைத் துழாவினாள். கையில் நாவல் வந்தது. ஈரத்தில் ஊறிக் காய்ந்து அப்பளமாகப் பொரிந்திருந்தது.

"சீ, என்னம்மா இது? இந்தப் பக்கமெல்லாம் இப்படி நெளிஞ்சு கிடக்கு?"

"அலை" என்றாள் பயோம். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் எல்லாம் கெட்டுவிடும்.

"இங்க நனைஞ்சிருக்கு. இங்கயும். படகே நனையற அளவுக்கு இந்தப் பக்கத்துல என்ன இருக்கு?"

பயோம் தண்ணீரைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். தெங்மோ நெளிந்த பக்கத்தில் நாலு வரி படித்தாள். "இவ எதுக்குப் பொய் சொல்றா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ஒரு துறை போனது. இன்னொரு துறையும் போனது. கருவாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் மடியில் கிடந்தது.

வளைவில் எதிர்ப்படகு தெரிந்தது. நல்ல வேகம். கயிறு தெங்மோவின் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது, பிடிக்க ஆளில்லாமல். கம்போன் பார்த்துவிட்டான். "கயி..." என்று வாயைத் திறந்தான்.

பயோம் உதட்டில் விரலை வைத்து, தலையை வேகமாக ஆட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். அவன் பெண்ணைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், பட்டுச்சட்டையையும் பார்த்தான். "ஐயோ அக்கா" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் கயிறு. பயோம் கையை நீட்டினாள், ஆனால் கயிற்றுக்கு அல்ல. குனிந்து, விரிந்த பக்கத்தின் மேல் இரண்டு கைகளையும் கூரையாகக் கவித்தாள்.

அலை அடித்தது. பின்வரிசையில் கூச்சல். பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டியது. தலைமயிரிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணுக்குள் இறங்கியும் பயோம் கையை எடுக்கவில்லை.

தெங்மோ நிமிரவே இல்லை. ஈரக் கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, அம்மாவின் கையைப் பக்கத்தின் மேலிருந்து தள்ளிவிட்டாள்.

"மறைக்குதும்மா."