சார்மாடி வளைவில் நான் சொன்ன "ரைட்"

கிறிஸ்துவின் அன்பில் கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். என் பெயர் மேரி, லிங்கராஜபுரத்துக்காரி. என் ஒரு வார்த்தையால் மூன்று பிள்ளைகள் சாக இருந்தார்கள். அதைத்தான் சாட்சியாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். எங்கள் சபையில் செல்வராஜ் அண்ணன் என்று ஒருவர், லாரிக்கு பாடி கட்டுகிறவர். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கை, ஸ்டவ், தண்ணீர் டிரம் எல்லாம் வைத்து ஓடும் வீடாகவே மாற்றியிருந்தார். அவர், அவர் மனைவி ஸ்டெல்லா, அவர்களுடைய மூன்று வயது இரட்டைப் பையன்கள், நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஐந்து வயது பிரிசில்லா. இத்தனை பேரும் மங்களூர் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியது என் வீட்டுக்காரர். பெங்களூரில் பதினைந்து வருஷமாக சிட்டி பஸ் ஓட்டுகிறவர்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. யார் என்ன செய்தாலும் பக்கத்தில் நின்று யோசனை சொல்வேன். அன்று காலை மலையடிவாரத்தில் அண்ணன் ஜெபித்துக்கொண்டிருக்கும்போதே, "அண்ணா, சீக்கிரம் ஆமென் சொல்லுங்கண்ணா, மழை வந்துடும்" என்று அவசரப்படுத்தினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

சார்மாடி மலைப்பாதையில் ஏறும்போது மழையும் வந்தது, மூடுபனியும் வந்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி ஒரே மூச்சில் திரும்பவில்லை. பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டும். மேலிருந்து வரும் வண்டிகளை நிறுத்த அண்ணனும் ஸ்டெல்லாவும் முன்னால் ஓடினார்கள். பின்னால் பார்த்துச் சொல்ல நான் இறங்கினேன். பிள்ளைகள் மூவரும் உள்ளே. இடது பக்கம் பள்ளம். அங்கே தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது.

வண்டி மெதுவாகப் பின்னால் வந்தது. பள்ளத்துப் பக்கமாகவே வருகிறதே என்று பதறி, வலது பக்கம் ஒடிக்கச் சொல்லி, "ரைட்! ரைட்!" என்று கத்தினேன்.

பஸ் டிரைவருக்கு அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். கண்டக்டர் "ரைட் ரைட்" என்றால் போகலாம். அவர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். வண்டி இன்னும் வேகமாக வந்தது. மண் சரிந்து பின்சக்கரம் ஓரத்தில் இறங்கியது. அப்போதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. இந்த வாய்க்கு அப்படி ஆனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் "இயேசப்பா" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

வண்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது. வண்டி அப்படியே நின்றது.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் பிரிசில்லாவுக்குப் பரிசாகக் கிடைத்த பிளாஸ்டிக் விசில் அது. காது வலிக்கிறது என்று முந்தின நாள்தான் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டிருந்தேன். நான் இறங்கியதும் பையைக் குடைந்து எடுத்துவிட்டாள். கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிறுத்த வேண்டும் என்று பதினைந்து வருஷம் பழகிய கால், யோசிக்காமல் பிரேக்கை அழுத்தியது. இரண்டு தடவை ஊதியிருந்தால் அதற்கும் "போகலாம்" என்றுதான் அர்த்தம். "ஏன்டி ஒரு தடவைதான் ஊதினே?" என்று பிறகு கேட்டேன். "மூச்சு தீந்துடுச்சும்மா" என்றாள். அந்த மூச்சை அளந்து கொடுத்தவர் என் தேவன்.

என் வீட்டுக்காரர் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்கதவு வழியாக இறக்கினோம். மேலே நின்றிருந்த ஒரு லாரி டிரைவர் கல் வைத்து முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி வண்டியை ரோட்டுக்கு இழுத்தார். "தேவரு தொட்டவனு கணம்மா" என்றார். கடவுள் பெரியவர் என்று கன்னடத்தில் அவர் சொன்னதற்கு நான் அழுதுகொண்டே தலையாட்டினேன்.

என் வீட்டுக்காரர் கீழே இறங்கினார். திட்டுவார் என்று நின்றேன். "நீ ரைட்டுன்னே மேரி. நான் நம்பி வந்தேன்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து, யாருக்காவது வழி சொல்லுமுன் ஒரு நொடி உள்ளுக்குள் ஜெபிக்கிறேன். வாய் முழுசாகக் குறைந்துவிட்டதா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், மாட்டிக்கொள்வேன். ஆனால் யாருடைய ஜெபத்தையும் அவசரப்படுத்துவதில்லை.

உங்களில் யாராவது நானே கெடுத்துக்கொண்டேனே, எந்த முகத்தோடு தேவனிடம் கேட்பது என்று தயங்கினால், தயங்காதீர்கள். அன்று அந்தச் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கியது நான்தான். மன்னிப்புக்கூட நான் கேட்கவில்லை, நேரமில்லை. பெயரை மட்டும்தான் சொன்னேன். அவர் மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றினார்.