இழுவைக் கப்பலில் ஒரு ஆள் குறைவு

துறைமுகத்து இழுவைக் கப்பலில் பாதி ஆயுளைச் சமைத்தே கழித்தவர் அவர். ஓய்வு பெற்றதும் அந்தக் கப்பலையே மரத்தில் செய்து பார்க்க ஆசைப்பட்டார், செய்தும் விட்டார். நூற்றில் ஒரு பங்கு அளவு. அது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டதை மனைவி பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது, மனுஷர் அதற்கு ஆள் தேடக் கிளம்பிய பிறகுதான்.

ஆள் இல்லாத கப்பலைப் பார்த்தால் பேய்க்கப்பல் மாதிரி இருக்கிறது என்பது சமையல்காரர் கட்சி. அந்த அளவுக்கு ஒரு மனிதன் கட்டைவிரல் நகத்தின் உயரம்தான் இருக்கலாம். அந்த உயரத்தில் கடைகளில் ஏராளமான பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். என்ன, ஒருத்தருக்கும் கப்பல் வேலை தெரியாது.

ரயில் பொம்மைக் கடையில் கிடைத்தவர்கள் எல்லாரும் பெட்டியும் கையுமாக நின்றார்கள். உயரமும் ஒரு மயிரிழை கூடுதல். அங்கே வாங்கிய ஸ்டேஷன் மாஸ்டரைக் கேப்டனாக்கி உள்ளே நிறுத்தினால் தலை கூரையில் இடித்தது. நிஜக் கேப்டன் குள்ளம், கேள்விப்பட்டிருந்தால் மகிழ்ந்துபோயிருப்பார். சமையல்காரர் இரக்கமில்லாமல் காலைத் தேய்த்துக் குறைத்தார்.

கட்டட மாதிரி செய்கிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் அளவு கச்சிதம். ஆனால் அங்கே பாக்கெட்டில் இருந்தவர்கள், இன்னும் கட்டாத அடுக்குமாடிக்கு முன்னால் வேலைவெட்டி இல்லாமல் உலாத்துகிற ஜாதி. குனிகிற ஆளாக ஒருத்தர் வேண்டுமே, கயிறு இழுக்க? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, ஷூ கட்டிக்கொண்டிருந்த ஒரு ஆளைப் பிடித்தார். கயிற்றுக்காரர் ஆயிற்று. ஓட்டல் சர்வர் ஒருவரின் தட்டைச் சீவிவிட்டுத் தன்னைச் செய்துகொண்டார். தொப்பையை மட்டும் மெழுகால் சேர்க்க வேண்டியிருந்தது.

இப்படி நாய் படாத பாடு பட்டவருக்கு, ஒரே ஒரு ஆள் மட்டும் தேடாமலே கிடைத்தார். முதல் நாள் வாங்கிய முதல் பாக்கெட்டில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நடுவே, ஒல்லியாய், உயரமாய், கையைப் பின்னால் கட்டிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அளவில் முகம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வராத பஸ்ஸில் குற்றம் கண்டுபிடிக்கிற அந்த நிலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது கப்பலின் சீஃப் இஞ்சினியர்தான் என்று. சமையல்காரர் அந்த ஆளைத் தூக்கிக் காலி மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார்.

"மத்தவங்க எல்லாம் கிடைச்சாங்க, சீஃப் மட்டும் கிடைக்கலையா?" என்று மனைவி கேட்டார்.

"அவ்வளவு ஒல்லியா யாரும் செய்யறதில்ல."

வஞ்சம் சும்மா வரவில்லை. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாள் சீஃபின் மனைவி சமையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவருக்கு ரத்தக் கொதிப்பு. சொன்னாக் கேக்கற ஆளில்ல. நீங்களே உப்பைக் குறைச்சிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு விடாதீங்க" என்றார். ஒரே பானைச் சமையல், ஆகையால் எல்லாருக்கும் குறைத்தார். மேசையில் இருந்த உப்பு டப்பாவையும் ஒளித்துவைத்தார். சீஃப் முதல் வாய் வைத்ததுமே அத்தனை பேர் முன்னாலும், "வாய்யா, அரை உப்பு" என்று கூப்பிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பலைத் தாண்டித் துறைமுகம் முழுக்கப் பரவி, கடைசியில் மகள் கல்யாணத்தில் சம்பந்தியே, "நீங்கதானே அந்த அரை உப்பு?" என்று சிரித்த முகமாகக் கேட்டுவிட்டார். அன்றோடு சமையல்காரர் சீஃபிடம் பேச்சை நிறுத்தினார். உண்மையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, சொந்த மனைவியிடம்கூட. கொடுத்த வாக்கு அப்படி. போன வருஷம் சீஃபின் மனைவி, அந்த அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிமேல் சமையல்காரரே சொன்னாலும் யார் நம்புவார்கள்? செத்தாலும் அரை உப்பாகத்தான் சாக வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்டன் பழைய கப்பல் ஆட்கள் எல்லாரையும் திரட்டிக்கொண்டு கப்பலைப் பார்க்க வந்தார். கூட்டத்தின் கடைசியில் சீஃபும் இருந்தார். அவரவர் தங்களைத் தேடிக்கொண்டார்கள். கயிற்றுக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. கேப்டன் தன் தலைக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை விரலால் அளந்து பார்த்தார்.

சீஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், மறுபடி முன்பக்கம் வந்தார். சமையல்காரர் பதிலைத் தயாராக வைத்திருந்தார், கேள்விதான் வரவில்லை.

"நான் கீழ இஞ்சின் ரூம்ல இருப்பேன். எப்படித் தெரிவேன்?" என்று சீஃப் பொதுவாகச் சொன்னார்.

சமையல்காரருக்கே தோன்றாத நல்ல பதில். சொன்னவர் முகம் மட்டும் வாடியிருந்தது. இந்த முகம் வாடுவதைப் பார்க்கத்தான் அவர் இத்தனை வருஷம் காத்திருந்தார். பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

உள்ளே போய் மாத்திரை டப்பாவோடு வந்தார். "நேத்துதான் கிடைச்சது" என்றார். மனைவி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். டப்பாவிலிருந்த ஆளுக்கு நீல உடுப்பு போட்டு, முழங்கையில் எண்ணெய்க் கறைகூட வைத்தாகியிருந்தது. மற்ற எவருக்கும் அவ்வளவு நுணுக்கமாக வர்ணம் அடிக்கவில்லை. நேற்று வந்தவருக்கு அத்தனை வேலை நடந்திருக்காது என்பது இஞ்சினியர் கண்ணுக்குத் தப்புமா?

"எங்க வைக்கட்டும்?"

"சமையலறை வாசல்ல வை. அங்க வந்துதானே சத்தம் போடுவேன்."

சமையல்காரர் பசை தொட்ட ஆளை இடுக்கியோடு சீஃபிடமே கொடுத்தார். "காயற வரைக்கும் நீங்களே பிடிங்க. ஆட்டாதீங்க."

சீஃப் தன்னைத்தானே தலையில் பிடித்து வாசலில் நிறுத்தினார். குனிந்தபடி, அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உப்பு விஷயம் அவ சொல்லிட்டா. கண்ணை மூடறதுக்கு முன்னாடி."

நெற்றியிலிருந்து நழுவிய கண்ணாடியை இன்னொரு கையால் ஏற்றிக்கொண்டார்.

"உன்னைப் போய் அப்படிக் கூப்பிட்டேனே. இந்த வீட்டுப் படி ஏற எனக்கு ஒரு வருஷம் ஆச்சு."

இடுக்கி ஆட ஆரம்பித்தது. சமையல்காரர் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார்.

"பேசாதீங்க சீஃப்" என்றார். "பசை இன்னும் காயல."