ஐந்து வயதில் ஒரு பெயர் சூட்டு விழா

போன வாரம் எங்கள் சங்கரன்கோவிலில் ஒரு பெயர் சூட்டு விழா. குழந்தையை யாரும் தூக்கி வரவில்லை... அதுவே நடந்து மேடையேறியது! பின்னே? வயது ஐந்து ஆகிறதே!

எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முத்தையா அண்ணாச்சியின் கடைசிப் பெண் அவள். பிறந்ததிலிருந்து பெயரே கிடையாது. வீட்டிலும் பாப்பா, தெருவிலும் பாப்பா. காரணம் — அண்ணாச்சியின் விசுவாசம்.

அவர் ஒரு குடும்பத்தின் தொண்டர். கட்சித் தொண்டர் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். அந்தக் குடும்பத்துப் பெரியவர் கூட்டம் பேச வரும்போதெல்லாம் தொண்டர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு ஓடுவார்கள். அவர் மைக்கில் பெயர் வைப்பார். அண்ணாச்சியின் இரண்டு பையன்களுக்கும் அவர் வைத்த பெயர்தான். பாப்பா பிறப்பதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனாலென்ன, சின்னவர் இருக்கிறாரே!

சின்னவர் அப்போது மெட்ராஸில் கார் மாற்றிக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மாலை போட வந்தவர்கள் மகன் கழுத்திலும் ஒன்றைப் போட்டார்கள். முதலில் இளைஞர் அணி. அப்புறம் எம்.எல்.ஏ. ஒரு போஸ்டர் ஒட்டியதில்லை, ஒரு கொடி பிடித்ததில்லை. அதற்கெல்லாம்தான் முத்தையாக்கள் இருக்கிறார்களே.

"நாய்க்குட்டிக்குக்கூட தெருவுல பேரு வச்சுக் கூப்பிடுதாவ. எம் பிள்ளைய என்னன்னு கூப்பிட? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க தம்பி" என்று அண்ணாச்சி வீட்டு மதினி என்னிடம் அழுதார்.

"பெரியவரு குடும்பம் வைக்க வேண்டிய பேரு வே. நாம வச்சா நல்லாவா இருக்கும்?" — இது அண்ணாச்சி.

ஒருமுறை சின்னவர் புளியங்குடிக்கு வருகிறார் என்று பிள்ளைக்குப் புதுக் கவுன் மாட்டி பஸ் ஏறினார்கள். எலுமிச்சை வியாபாரிகள் கொடுத்த வரவேற்பு முடிந்ததும் கார் தென்காசிப் பக்கம் பறந்துவிட்டது. கவுனில் புழுதியோடு திரும்பி வந்தார்கள்.

அப்புறம்தான் அது நடந்தது. சின்னவர் கட்சி மாறினார். அப்பா ஆயுசு முழுக்க மேடை போட்டுத் திட்டிய அதே கட்சிக்கு! மாறிய கையோடு மந்திரி.

அண்ணாச்சி சில நாள் கடையைத் திறக்கவில்லை. திறந்த அன்று தோளில் புதுக் கட்சித் துண்டு கிடந்தது. நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

"கட்சி மாறுனா என்ன வே, ரத்தம் மாறிருமா?" என்றார்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பெயரோடு வாருங்கள் என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வருடம் சேர்க்காவிட்டால் இன்னொரு வருடம் வீண். நல்லவேளை, மந்திரிக்குத் தேரடியில் கூட்டம் போட்டார்கள்.

மேடையில் மந்திரி குனிந்து, "பாப்பா, உன் பேர் என்ன?" என்றார்.

"நீங்கதான் வைக்கணும்!" என்றாள், வீட்டில் சொல்லிக்கொடுத்தபடி. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மந்திரி மைக்கைப் பிடித்தார். "எங்கள் ஒப்பற்ற தலைவரைப் பெற்றெடுத்த அன்னையின் திருப்பெயரையே இந்தக் குழந்தைக்குச் சூட்டுகிறேன்... சௌந்தரவல்லி!"

ஒரே கைதட்டல். எனக்கோ பழைய கதை ஞாபகம் வந்தது. அந்த அன்னையின் பெயரில் எங்கள் ஊரில் அந்தக் கட்சிக்காரர்கள் கட்டிய ஒரு படிப்பகம் உண்டு. அதன் திறப்பு விழாவில் கறுப்புக் கொடி காட்டி, மண்டை உடைந்து, பாளையங்கோட்டை ஜெயிலில் கிடந்தவர் இதே முத்தையா அண்ணாச்சிதான். யாருக்காக? இந்த மந்திரியின் அப்பாவுக்காக! மேடையில் அண்ணாச்சி கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நானும் துணைக்குப் போனேன். டீச்சர் பேனாவைத் திறந்து, "பிள்ளை பேரு?" என்றார்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சௌந்தரவல்லி, டீச்சர்!" — அவளே கத்தினாள். அந்த முகத்தில்தான் என்ன சந்தோஷம்! இத்தனை நாள் ஏங்கிக் கிடைத்த பெயரல்லவா?

வெளியே வந்ததும் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "நல்ல பேருதான வே?"

"நல்ல பேருதான் அண்ணாச்சி" என்றேன்.

அடுத்த தேர்தலில் மந்திரி இன்னொரு கட்சிக்குப் போய்விடுவார். சௌந்தரவல்லி எங்கே போவாள்?